மணி, சமிக்கி, குந்தன் பிரிக்கக் காகிதத் தட்டு: எத்தனை அறை வைக்கலாம்?

ஊசிமுனை:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் மணி, சமிக்கி தைப்பது) எடுத்துச் செய்கிறேன். ஆவணியில் முகூர்த்தம் வரிசையாக வருவதால் பிளவுஸ் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. பிளவுஸின் ஒரே கைக்குச் சுகர் பீட்ஸ் (பொடி மணி) இரண்டு நிறம், கட் பீட்ஸ் (பட்டை தீட்டிய மணி), 3 மி.மீ. சமிக்கி, குந்தன் கல், ஜர்தோசி (சுருள் கம்பி) என்று எல்லாம் ஒரே நேரத்தில் துணியை இழுத்துக் கட்டும் ஸ்டாண்ட் பக்கத்தில் வேண்டும்.

இப்போதைக்கு எவர்சில்வர் தட்டிலும் பாட்டில் மூடியிலும் கொட்டி வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். எவர்சில்வரில் மணி விழுந்தால் துள்ளி வெளியே ஓடிவிடுகிறது. டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கண் வேறு கூசுகிறது. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் சமிக்கி சுவரோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. வேலை முடிந்ததும் மிச்சத்தைப் பாட்டிலில் திருப்பிப் போடுவது அதைவிடத் தலைவலி.

வீட்டில் கல்யாணப் பத்திரிகை ஒரு பை நிறையச் சேர்ந்திருக்கிறது. அவற்றை வெட்டி 12 அறை உள்ள தட்டு ஒன்று செய்யலாம் என்று பார்க்கிறேன். குறுக்குச் சுவரை எப்படி நிறுத்துவது, எவ்வளவு உயரம் வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

காகிதக்கத்தி:
அளவு சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். தட்டு உங்களுக்கு மணியை வைத்திருக்கவா, பிரிக்கவா? இரண்டும் வேறு வேறு வேலை.

வைத்திருக்க அறை நல்லது. பிரிக்க அறை தொந்தரவு. 12 அறைக்கு மூலை மட்டும் 48. ஒவ்வொரு மூலையிலும் நாலு மணி போய் உட்கார்ந்துகொள்ளும், நகத்தால் கிளறி எடுக்க வேண்டும். அதோடு ஒரு அறையில் மிஞ்சியதைப் பாட்டிலில் கொட்டத் தட்டைச் சாய்த்தால் பக்கத்து அறையும் சேர்ந்து கொட்டும். நீங்கள் சொன்ன தலைவலிகளில் கடைசித் தலைவலி அப்படியே இருக்கும், கூடவே மணிகளும் கலக்கும்.

பைண்டிங் வேலை பார்ப்பவன் என்பதால் காகிதம் எனக்குக் கொஞ்சம் பழக்கம். என் யோசனை இதுதான்: அறையே வேண்டாம். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் குறுகிய வாய். நம் வீட்டு முறம் மாதிரி, ஆனால் வாய் பக்கம் அகலாமல் ஒடுங்கி வரும். ஒரு வகைக்கு ஒரு தட்டு. ஒன்று செய்யக் கால் மணி நேரம்கூட ஆகாது. வேண்டும் என்றால் அளவு போடுகிறேன்.

செங்காந்தள்:
அண்ணா சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். :) வேலை செய்யும்போது ஆறு தட்டு தனித்தனியாக மடியைச் சுற்றி இருந்தால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். கையில் ஊசியோடு திரும்பினால் முழங்கை ஒன்றைத் தட்டிவிடும். காகிதத் தட்டுக்குக் கனமே கிடையாது, ஃபேன் காற்றுக்கே நகரும்.

நான் சில்க் த்ரெட் வளையலும் க்வில்லிங் (காகிதச் சுருள்) தோடும் செய்கிறேன். எனக்கு அறைதான் சரி. புடவை வரும் அட்டைப் பெட்டியின் மூடியை எடுத்துக்கொள்வேன். அதற்குள் சதுரத் தாளில் மடித்த சின்னச் சின்னப் பெட்டிகளை நெருக்கமாக அடுக்கிவிடுவேன். பசையே வேண்டாம். எதையாவது கொட்ட வேண்டும் என்றால் அந்த ஒரு பெட்டியை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானியர்கள் அரிசி அளக்கும் மரப்பெட்டிக்கு மாசு என்று பெயர். அதே பெயரில், அதே வடிவத்தில் ஓரிகாமியில் ஒரு பெட்டி இருக்கிறது, அதைத்தான் மடிக்கிறேன்.

கணக்கும் சுலபம். தாளின் பக்கத்தை 0.354-ஆல் பெருக்கினால் பெட்டியின் பக்கம் வரும். அதில் பாதி உயரம். 15 செ.மீ. சதுரம் என்றால் 5.3 செ.மீ. பெட்டி, உயரம் 2.6 சொச்சம். ஏ4 தாளில் வெட்டக்கூடிய பெரிய சதுரம் 21 செ.மீ., அதில் 7.4 செ.மீ. பெட்டி வரும்.

காகிதக்கத்தி:
செங்காந்தள், எடுத்துக் கொட்டும் பெட்டி என்றால் என் ஆட்சேபணையில் பாதி போச்சு. மீதி பாதி அதன் ஆழம். 5 செ.மீ. அகலத்துக்கு இரண்டரை செ.மீ. உயரம் வளையல் கல்லுக்குச் சரி, விரலால் எடுக்கிறீர்கள். ஆரிக்காரர்கள் ஊசியைப் படுக்கைவாக்கில் மணிக்குவியலுக்குள் ஓட்டிக் கோப்பார்கள். அவ்வளவு உயரச் சுவர் இருந்தால் ஊசி செங்குத்தாகத்தான் இறங்கும், மணி ஏறாது. ஊசிமுனை, நான் சொல்வது சரிதானே?

ஊசிமுனை:
ரொம்பச் சரி அண்ணா. ஊசி கிட்டத்தட்டத் தரையோடு தரையாகப் போக வேண்டும். நீங்கள் சொன்ன முறத் தட்டின் அளவைப் போடுங்கள். ஒன்று செய்து பார்த்துவிட்டு அப்புறம் இரண்டு பேரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்கிறேன்.

காகிதக்கத்தி:
சரி, எழுதுகிறேன். ஸ்கேல், பென்சில், கத்தரி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. இவ்வளவுதான் சாமான்.

அட்டை 20 × 16 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். 16 செ.மீ. பக்கங்களில் ஒன்று முதுகு, எதிரே உள்ளது வாய். முதுகு விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் இரண்டு ஓரத்திலிருந்தும் 2 செ.மீ. விட்டு ஒரு புள்ளி வையுங்கள், நடுவே 12 செ.மீ. இருக்கும். வாய் விளிம்பில் நடுவாக 3 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி. முதுகுப் புள்ளியையும் வாய்ப் புள்ளியையும் பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்கோட்டில் இணைத்தால் தரை தயார். பின்னால் 12, முன்னால் 3, நீளம் 18.

சாய்கோட்டுக்கு வெளியே 2 செ.மீ. விட்டு அதற்கு இணையாக இன்னொரு கோடு போட்டு, மிச்சத்தை வெட்டி எறியுங்கள். அந்த 2 செ.மீ. பட்டைதான் பக்கச் சுவர். முதுகுக் கோட்டில், ஓரத்திலிருந்து மூலைப்புள்ளி வரைக்கும் மட்டும் கத்தரியால் வெட்டிவிடுங்கள். வெட்டியதும் பின்னால் இருக்கும் 2 செ.மீ. சதுரம் முதுகுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் பசை போடும் காது.

மடிக்கும் கோடு எல்லாவற்றையும் மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் பிடித்து அழுத்திக் கீறுங்கள். கீறிய பக்கத்தில் பள்ளமும் மறுபக்கத்தில் மேடும் விழும். நிறையப் பேர் பள்ளத்துக்குள் மடிக்கிறார்கள். பைண்டிங்கில் மேடு மடிப்பின் உள்பக்கம் வரும்படி மடிப்போம், மேல்தோல் வெடிக்காது. அதனால் அட்டையின் அடிப்பக்கத்தில் கோடு போட்டுக் கீறுங்கள், மேல்பக்கமாகச் சுவரை எழுப்புங்கள். பென்சில் கோடும் தட்டின் உள்ளே தெரியாது.

கடைசியாக ஒரு வேலை. தரையின் வாய்ப் பக்கத்தில் நட்டநடுவே 5 செ.மீ. நீளத்துக்கு லேசாக ஒரு கீறல். கொட்டும்போது இரண்டு சுவரையும் விரலால் அமுக்கினால் தரை அந்தக் கீறலில் 'வி' வடிவமாக மடங்கும். மணி ஒற்றை வரிசையாக இறங்கிச் சின்ன பாட்டிலுக்குள் போய்விடும்.

தறியடி:
புதிதாக வந்திருக்கிறேன். படித்துக்கொண்டே செய்தேன். பக்கச் சுவரை எழுப்பினால் அதன் பின்நுனி முதுகுச் சுவரைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் அளந்தது சரியாகத்தான் இருக்கிறது. எங்கே இடிக்கிறது?

காகிதக்கத்தி:
எங்கேயும் இடிக்கவில்லை தம்பி. பக்கச் சுவர் சாய்வாக ஓடுவதால் மூலை 90 பாகை கிடையாது, சுமார் 76 பாகை. அதனால் சுவரின் மேல்நுனியில் அரை செ.மீ. அளவுக்கு ஒரு கூர்மையான கீற்று மிஞ்சும். காதை ஒட்டிக் காயவிட்டு, அந்தக் கீற்றைக் கத்தரித்துவிடுங்கள். காதைப் பக்கச் சுவருக்கு வெளியே ஒட்டுவது நல்லது. உள்ளே ஒட்டினால் அதன் விளிம்பில் சமிக்கி போய்ச் செருகிக்கொள்ளும்.

தறியடி:
வந்துவிட்டது அண்ணா, நன்றி. ஆனால் மேசை மேல் வைத்ததும் மணி வாய் வழியாக உருண்டு ஓடுகிறதே. கதவு இல்லாத வீடு மாதிரி இருக்கிறது!

செங்காந்தள்:
நான் சொன்னேனே! சுவர் இல்லாத பக்கம் என்றால் ஓடத்தான் செய்யும். :)

காகிதக்கத்தி:
வாய்க்கு அடியில் ஒரு பென்சிலை நுழைத்துவிடுங்கள். முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டால் மணி முதுகுப் பக்கமே தங்கும். கொட்டும்போது தட்டை எடுத்தால் பென்சில் அதன் இடத்திலேயே இருக்கும். பையில் எடுத்துப் போக வேண்டும் என்றால் வாயை அமுக்கி ஒரு பைண்டர் கிளிப் போடுங்கள்.

தாமிரபரணி:
பிள்ளைகளா, நீங்கள் அளவு பேசுகிறீர்கள், தட்டை எப்படி ஆட்டுவது என்று யாரும் பேசவில்லையே. எங்கள் ஊரில் முறத்தைச் சுளகு என்போம். சுளகு இருந்தால் மட்டும் போதாது, புடைக்கவும் கொழிக்கவும் தெரிய வேண்டும். மருமகள் ஃபேன்சி மாலை கோக்கிறாள். பேரன் அவளுடைய மணிப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டான். கண்ணாடி மணி, சமிக்கி, தட்டைக் கல், கம்பி வளையம், குண்டூசி எல்லாம் ஒரே குவியல். அவள் அழாத குறை. நான் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தேன்.

முதலில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் குவியல் மேல் ஓட்டினேன். குண்டூசியும் இரும்பு வளையமும் வந்துவிட்டன. துணியை உருவினால் எல்லாம் தானாக உதிர்ந்துவிடும், காந்தத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டியது இல்லை. பித்தளை, செம்பு வளையம் வராது, அது கையால்தான்.

அடுத்தது சல்லடை. மாவுச் சல்லடை ரொம்பப் பொடி, மணி இறங்காது. வீட்டில் புட்டரிப்பு, ரவை சலிக்கிற சல்லடை, பூந்திக் கரண்டி என்று கண் அளவு வேறு வேறாக இருக்குமே, அதில் எதில் சின்ன மணி மட்டும் இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நல்லாக் கழுவிக் காயவைத்து எடுத்தேன், திரும்ப நல்லாக் கழுவி வைத்தேன். அதை முக்கியமாகச் சொல்கிறேன். கல்லு கடித்தால் மாமியாருக்குத்தான் கெட்ட பெயர்.

மூன்றாவதுதான் தட்டு. ஒரே அளவில் உருண்டை மணியும் தட்டைச் சமிக்கியும் கலந்திருந்தால் சல்லடை உதவாது. தட்டைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் மெள்ள ஆட்டினால் உருண்டை முதலில் உருண்டு வாய்க்கு வந்துவிடும், சமிக்கி பின்னாலேயே கிடக்கும். அரிசியில் கல் கொழிக்கிற கைதான். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை, கைக்குத் தெரியும். வேகமாக ஆட்டினால் எல்லாம் சேர்ந்து வரும். ஒரு தடவையில் ஒரு கரண்டி அளவுக்கு மேல் போடக்கூடாது.

ஊசிமுனை:
ஆச்சி, இதைப் படித்ததும் என் டப்பாவில் கலந்து கிடந்த முத்தையும் சமிக்கியையும் எடுத்து முயன்று பார்த்தேன். முத்து சரசரவென்று இறங்கிவிட்டது, சமிக்கி அசையவே இல்லை. ஆனால் கட் பீட்ஸ் ஏமாற்றுகிறது. பட்டை தீட்டிய பக்கத்தில் விழுந்தால் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது.

தாமிரபரணி:
தட்டின் அடியில் விரலால் சுண்டிவிடு தாயி. உட்கார்ந்தது எழுந்து உருளும்.

காகிதக்கத்தி:
ஆச்சி சொன்ன விஷயத்தில் காகிதத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தரை எவ்வளவு வழவழப்பு என்பதைப் பொறுத்துத்தான் சமிக்கி நிற்பதும் சறுக்குவதும். லேமினேட் செய்த பளபள அட்டையில் சமிக்கியும் சேர்ந்து சறுக்கிவிடும். வெல்வெட், ஃபெல்ட் ஒட்டினால் மணியே உருளாது. நடுத்தரமாக, பளபளப்பு இல்லாத சாதா ஐவரி அட்டை போதும்.

பிளாஸ்டிக்கில் சமிக்கி ஒட்டுகிறது என்று ஊசிமுனை முதலில் எழுதியிருந்தார்கள். அது உராய்வில் ஏறும் நிலைமின்சாரம். சமிக்கியும் பிளாஸ்டிக், டப்பாவும் பிளாஸ்டிக், ஏறிய மின்சாரம் இறங்க வழி இல்லை. ஏசி அறையில் காற்று உலர்ந்து இருப்பதால் இன்னும் மோசம். காகிதம் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் வழியாக மின்சாரம் மெள்ளக் கசிந்துவிடும். காகிதத் தட்டுக்கு இருக்கும் பெரிய நன்மையே அதுதான். விலை எல்லாம் அப்புறம்.

மலர்_டீச்சர்:
நல்ல இழை. எங்கள் பள்ளியில் கைவினை வகுப்புக்கு இதைத்தான் செய்யச் சொல்லப் போகிறேன். எந்த அட்டையை எடுப்பது என்பதில் தெளிவு வேண்டும். சார்ட் பேப்பர் தாங்குமா? கல்யாணப் பத்திரிகை எல்லாப் பிள்ளைகள் வீட்டிலும் ஒரே தடிமனில் இருக்காதே.

காகிதக்கத்தி:
டீச்சர், சார்ட் பேப்பர் இந்த அளவுக்குக் கொஞ்சம் தொளதொள என்று நிற்கும். பிள்ளைகளுக்கு என்றால் எல்லா அளவையும் பாதியாக்கிவிடுங்கள், 10 × 8 செ.மீ. அட்டை, 1 செ.மீ. சுவர். அப்போது சார்ட்டே தாங்கும். பெரிய தட்டுக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். பத்திரிகையில் அச்சடித்திருக்க மாட்டார்கள். ஆனால் கண்டுபிடிக்கலாம். 20 × 16 செ.மீ. துண்டின் பரப்பு 320 சதுர செ.மீ. அதைக் கிராம் காட்டும் சின்னத் தராசில் வைத்து 8 கிராம் காட்டினால் 250 ஜிஎஸ்எம். 9.6 காட்டினால் 300. ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம்.

அட்டையின் ஓட்டத்தையும் பாருங்கள். ஆலையில் கூழ் ஓடும் திசையில்தான் நார்கள் அதிகம் படுத்திருக்கும். அட்டையை நீளவாக்கில் லேசாக வளைத்துப் பாருங்கள், அப்புறம் குறுக்கே. எது எளிதாக வளைகிறதோ அந்த மடிப்புக்கு இணையாக நார் ஓடுகிறது. இந்தத் தட்டில் நீளமான மடிப்பு இரண்டு பக்கச் சுவர்கள்தான், கிட்டத்தட்ட 18 செ.மீ. நார் அந்த வாக்கில் ஓடும்படி வெட்டினால் மடிப்பு கத்தி மாதிரி விழும். குறுக்கே வெட்டினால் மேல்தோல் வெடித்து வெள்ளை தெரியும்.

சென்னைக்காரர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் பத்திரிகைக் கடைகளும் காகிதக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பக்கம் கட்டிங் மெஷினில் விழும் துண்டு அட்டை கிடைத்தால் விடாதீர்கள்.

செங்காந்தள்:
கல்யாணப் பத்திரிகை பற்றி ஒரு விஷயம் யாராவது பேசியே ஆக வேண்டும். முதல் பக்கத்தில் பிள்ளையார், நான்கு மூலையில் மஞ்சள். அதை வெட்டித் தட்டாக்கினால் எங்கள் மாமியார் வீட்டில் ஒரு வாரம் சோறு கிடைக்காது.

தாமிரபரணி:
சாமி படம் இருக்கிற பக்கத்தைத் தனியாக வெட்டி எடுத்து வைத்துவிடு. உள் அட்டைக்கும் கவருக்கும் ஒரு தோஷமும் கிடையாது. பெயர் அச்சடித்த பக்கத்தை அடியில் போட்டுவிடு. போன மாதம்தான் கல்யாணம் ஆனவர்கள் வீட்டுக்கு வந்து தங்கள் பெயரைத் தட்டில் பார்த்தால் நல்லா இருக்காது.

ஊசிமுனை:
ஹா ஹா. ஆச்சி, என்னிடம் இருப்பதில் பாதி ஃபாயில் அச்சு, எம்போஸ் செய்தது. அது சரிப்படுமா?

காகிதக்கத்தி:
எம்போஸ் இருக்கும் இடம் தரையாக வரக்கூடாது. மேட்டின் ஓரத்தில் பொடி மணி தேங்கும். சுவராக வந்தால் பரவாயில்லை. ஃபாயில் மடிப்புக் கோட்டில் வந்தால் உரிந்து மினுக்குத் தூள் மணியோடு கலக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். வேறு வழி இல்லை என்றால் மேலே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஈரப் பசையில் தாள் ஒட்டினால் காயும்போது அட்டை அந்தப் பக்கமே வளையும். அடியிலும் அதே தாளை ஒட்டினால் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து நேராக நிற்கும்.

நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை முத்துக்கும் கண்ணாடி மணிக்கும் கறுப்பு அல்லது அடர்நீலத் தரை, மெரூன், பச்சை, கறுப்பு மணிக்கு வெள்ளைத் தரை. தங்க நிறச் சமிக்கிக்கு என்ன போடுவது என்று செங்காந்தள் சொல்வார்.

செங்காந்தள்:
தங்கத்துக்குச் சாம்பல் நிறம். கறுப்பில் வைத்தால் பழைய தங்கமும் புதுத் தங்கமும் ஒரே மாதிரி தெரியும், வெள்ளையில் வைத்தால் எல்லாம் வெளுத்துத் தெரியும். சாம்பல் தரையில் இரண்டு ஷேடும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். பிளவுஸில் பாதி கை ஒரு ஷேடும் மீதி கை வேறு ஷேடும் வந்து அவிழ்ப்பதைவிட அரை மணி நேரம் தட்டில் பார்த்துப் பிரிப்பது மேல்.

கடற்கரைக்காரி:
நான் கடலோர ஊர். இங்கே எந்த அட்டையும் மழைக்காலத்தில் நேராக நிற்காது. அதோடு போன முறை மைதாப் பசை காய்ச்சி ஒட்டிய பெட்டிகளை வெள்ளிப்பூச்சி அரித்துவிட்டது, கரப்பான் வேறு. பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சி வராது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கலக்கலாமா?

காகிதக்கத்தி:
பைண்டிங்கிலும் சுவரொட்டிப் பசையிலும் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம்தான், பூச்சி அண்டாது என்பதும் உண்மை. ஆனால் அது விஷம். நூலை நாக்கில் நனைத்துக் கோக்கும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிறது. பிள்ளைகள் தொடும் தட்டுக்கு வேண்டவே வேண்டாம். இந்தத் தட்டில் பசை போடும் இடமே இரண்டு காதுதான். வெள்ளைப் பசையை விரல்நுனியில் எடுத்து மெல்லிசாகத் தேய்த்தால் போதும், மாவு இல்லாததால் பூச்சிக்கு அதில் வேலை இல்லை. அதுவும் வேண்டாம் என்றால் இரண்டு பக்கம் ஒட்டும் டேப்.

ஈரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தினக் காலண்டரில் தாள் எல்லாம் கிழித்த பிறகு அட்டை மிஞ்சுமே, அதை அடியில் ஒரு தளமாக வைத்து, தட்டை இரண்டு கிளிப்பால் அதோடு பிடித்துவிடுங்கள். கனமும் கிடைக்கும், ஃபேன் காற்றுக்கும் நகராது. செங்காந்தள் சொன்ன குறை அதில் தீர்ந்துவிடும்.

செங்காந்தள்:
அது தீர்ந்தது, ஒத்துக்கொள்கிறேன். முழங்கைக்கு இன்னும் பதில் வரவில்லை.

மலர்_டீச்சர்:
இன்னொரு பொருளும் இப்போது பிள்ளைகளிடம் அதிகம். சின்னச் சின்னக் கல்லாக ஒட்டிப் படம் செய்கிறார்களே, டயமண்ட் பெயிண்டிங். அந்தக் கிட்டோடு வரும் பிளாஸ்டிக் தட்டில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். குலுக்கினால் கல் எல்லாம் பள்ளத்தில் வரிசையாக, முகம் மேலே பார்த்து விழும். காகிதத்தில் அப்படிச் செய்ய வழி உண்டா?

தறியடி:
டீச்சர், நெளி அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத் தாளை ஈரத்துணியால் துடைத்து ஊறவிட்டு உரித்தால் உள்ளே நெளி நெளியாகப் பள்ளம் தெரியும். காயவைத்து அதைத் தட்டின் தரையில் ஒட்டினேன். பெரிய பார்சல் பெட்டியின் நெளி ரொம்ப அகலம், கல் இரண்டு வரிசையாக விழுகிறது. பற்பசை, சோப்பு மொத்தமாக வரும் சின்னப் பெட்டிகளில் சில மெல்லிய நெளியில் வருகின்றன, அது பொருந்துகிறது. பள்ளம் முதுகிலிருந்து வாய் நோக்கி ஓட வேண்டும், அப்போதுதான் மிச்சத்தைக் கொட்ட முடிகிறது.

கல்லின் முதுகு அகலம், முகம் பட்டை தீட்டியது. அதனால் குலுக்கும்போது அகலப் பக்கத்தில் உட்கார்ந்தது அப்படியே நிற்கிறது, மற்றது புரண்டுகொண்டே இருக்கிறது. குந்தனுக்கும் இதே கதைதான், ஆனால் குந்தனுக்குப் பள்ளம் தேவை இல்லை, தட்டைத் தரையே போதும்.

மலர்_டீச்சர்:
அருமை தம்பி. நாளைக்கே பெட்டி சேகரிக்கச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் இந்த வேலையைத் தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். மணி மூக்கிலும் காதிலும் போய்விடும், விழுங்கினால் மூச்சுக்குழாயில் சிக்கும். முடித்ததும் தரையில் ஈரத்துணி போட்டுத் துடைத்தால் கண்ணில் படாதது எல்லாம் துணியில் வந்துவிடும்.

ஊசிமுனை:
தீர்ப்புச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. இரண்டு கட்சியும் பாதிப் பாதி.

ஊசி ஓட்டிக் கோக்கும் சுகர் பீட்ஸுக்கும் கட் பீட்ஸுக்கும் முறத் தட்டுதான். ஆனால் 2 செ.மீ. சுவர் எனக்கு உயரம். முதுகுச் சுவரை மட்டும் 2 வைத்து, பக்கச் சுவரை 1 செ.மீ. ஆக்கினேன். ஊசி பக்கவாட்டில் படுத்து உள்ளே போகிறது. மிச்சத்தைப் பாட்டிலில் கொட்டும்போது ஒரு மணிகூடக் கீழே விழவில்லை. குந்தனையும் பெரிய முத்தையும் செங்காந்தள் சொன்னபடி மாசுப் பெட்டியில் போட்டுப் புடவைப் பெட்டி மூடிக்குள் வைத்துவிட்டேன். அவை விரலால்தான் எடுக்கிறோம், ஆழம் தொந்தரவு இல்லை. முழங்கைப் பிரச்சினைக்கு, முறத் தட்டுகளையும் அதே மூடிக்குள் வாய் உள்பக்கம் பார்க்க அடுக்கிவிட்டேன். தட்டினாலும் மூடிக்குள்தான் கொட்டும்.

இப்போது மிஞ்சியிருப்பது ஜர்தோசி. அதை எதில் வைப்பது? வாய்த் தட்டில் போட்டுச் சாய்த்தால் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு கொத்தாக வருகிறது. வெட்டும்போது துண்டு துள்ளி எங்கேயோ போகிறது.

செங்காந்தள்:
ஜர்தோசியைக் கொட்டிப் பிரிக்கவே கூடாது ஊசிமுனை, அது சுருள் கம்பி, இழுபட்டால் சுருள் விரிந்து பாழாகிவிடும். அதற்குத்தான் வெல்வெட். பழைய நகைப் பெட்டியிலிருந்து வெல்வெட் துண்டை எடுத்து ஒரு தட்டின் தரையில் ஒட்டுங்கள், வாய் வேண்டாம், நான்கு சுவரும் இருக்கட்டும். கம்பியை முழு நீளமாக அதில் படுக்க வையுங்கள். வெட்டும்போது கத்தரி முனையைத் தட்டுக்குள் இறக்கி, வெட்டுப்படும் நுனி முதுகுச் சுவரைப் பார்த்து இருக்கும்படி பிடித்து வெட்டுங்கள். துண்டு துள்ளினாலும் சுவரில் மோதி வெல்வெட்டில் விழும், உருளாது. அன்றைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வெட்டுங்கள்.

கை வியர்த்தால் அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள், வியர்வை பட்டால் கறுத்துவிடும்.

ஊசிமுனை:
நான்கு சுவர் என்றால் சுவர் உயரம் எவ்வளவு?

செங்காந்தள்:
3 செ.மீ. வையுங்கள். இங்கே ஊசி ஓட்டப் போவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் எடுப்பீர்கள். கத்தரி நுழையும் பக்கத்தை மட்டும் 1 செ.மீ. ஆகத் தாழ்த்திவிடுங்கள்.